அண்டாத் திருடனைப் பார்க்காத ஒரே ஆள்

பூசணிமங்கலத்துக்காரர்கள் சொல் பேச்சுக் கேட்பவர்கள். அந்த விஷயத்தில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. முன்பு ஒரு தடவை சுகாதார இலாகா டாக்டர் வந்து, "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே கொதிக்கக் கொதிக்கக் குடித்தது. மறுவாரம் அதே டாக்டர் எல்லார் நாக்குக்கும் மருந்து தடவ வந்தபோது ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நாக்கு புரளவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஊரில் சொரிமுத்து என்று ஒரு சாது இருந்தான். பஞ்சாயத்துத் தண்ணீர் மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அவன் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் ஊருக்கே ஒரு படி மேலே நிற்பவன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இந்தக் கஷ்டம் வந்தது.

ஒருநாள் காலையில் ஏட்டு தளவாய் சைக்கிளில் வந்து மாவு மில் வாசலில் இறங்கினார். கையில் தகரக் குழாய். அதை வாயில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்:

"பொதுமக்களுக்கு அறிவிப்பு! கல்யாண வீடுகளில் சமையல் அண்டாக்களைத் திருடி வந்த அருணாசலம் என்பவன், கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில் போலீஸ்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். இப்போது இந்த வட்டாரத்தில்தான் தலைமறைவாக இருக்கிறான். மாறுவேடத்திலும் திரியலாம். போலீசார் வலைவீசித் தேடி வருகிறார்கள். நீங்களும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். துப்புக் கிடைத்தால் உடனே ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா" என்றது ஊர்.

புரிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஏட்டு அடுத்த ஊருக்கு மிதித்துப் போய்விட்டார்.

மில்லை நிறுத்திவிட்டு அங்கேயே கூட்டம் போட்டார்கள். நடுவில் பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன். வலப்பக்கம் மில்காரர் மாசானம். இடப்பக்கம் சைக்கிள் கடைக் குத்தாலம். எதிரே, யார் பேசினாலும் தலையாட்டுவதற்கு வசதியாக, சொரிமுத்து.

"அவசரப்படாம ஒவ்வொண்ணா எடுப்போம்" என்றார் தலைவர். "முதல்ல மண்ணு. என்ன மண்ணைத் தூவினான்?"

"ஏட்டய்யா அதைச் சொல்லலையே."

"செம்மண்ணாத்தான் இருக்கும்" என்றார் மாசானம். "நம்ம ஊருக் கரிசல் கட்டி கட்டியால்லா வரும்? அதைத் தூவ முடியாது. எறியத்தான் முடியும்."

நம் ஊர் மண்ணுக்கு இதில் சம்பந்தமில்லை என்று தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்தது.

"அடுத்தது கம்பி" என்றார் குத்தாலம். கம்பி அவர் தொழில் சம்பந்தப்பட்டது. "கம்பியை நீட்டிக்கிட்டு ஒருத்தன் எப்படி ஓடுவான்? சந்துல திரும்பையில இடிக்காதா?"

"இடிக்கும். அதனால அவன் சந்துக்குள்ள வரமாட்டான். நேர் ரோட்டுலதான் ஓடிக்கிட்டு இருப்பான்" என்றார் மாசானம்.

"ரோடு வளையுத இடத்துல?"

"அங்க நின்னுருப்பான்."

இந்தப் பதிலில் இருந்த தெளிவைக் கண்டு சொரிமுத்துவுக்குப் புல்லரித்துவிட்டது.

"இப்பத்தான் முக்கியமான விஷயம்" என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். "தலைமறைவா இருக்கான்னு சொன்னாரு. தலை மறைஞ்சிருக்கு. சரி. உடம்பு?"

எல்லாரும் தங்கள் உடம்பை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"உடம்பைப் பத்தி ஏட்டய்யா வாயே திறக்கலை. அப்படின்னா உடம்பு மறையலை. தலை மட்டும்தான் மறைஞ்சிருக்கு. ஆகவே, தலை தெரிஞ்சா அவன் திருடன் இல்லை. தலை தெரியலைன்னா அவன்தான் திருடன். இதுல ஏதாவது குழப்பம் உண்டா?"

குழப்பம் ஒன்றுமில்லை. இதைவிட எளிதான அடையாளத்தை எந்தப் போலீசும் எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் எல்லாரும் விளக்கெண்ணெய்க்கு ஓடினார்கள். எத்தனை சொட்டு என்று ஏட்டு சொல்லாததால் நிறையவே விட்டுக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் கடையில் விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த சொரிமுத்துவுக்கு வீட்டில் இருந்த குப்பியும் காலியாகக் கிடைத்தது.

"உலகு, இதுல இருந்த எண்ணெய் எங்க?"

"கன்னுக்குட்டிக்கு வயிறு உப்பிக்கிட்டுதேன்னு குடுத்துட்டேன்" என்றாள் அவன் மனைவி உலகம்மாள். "அது வயித்துலதான் இருக்கு. வேணும்னா அதுகிட்டப் போய்க் கேளுங்க."

சொரிமுத்து போய்க் கேட்டான். கன்றுக்குட்டி அவன் கையை நக்கியது. எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உலகம்மாள் பக்கத்து வீட்டில் கெஞ்சி இரண்டு சொட்டு வாங்கித் தன் கண்ணுக்கு ஒன்றாக விட்டுக்கொண்டாள். அதற்கு மேல் அந்தம்மாள் தரவில்லை. ஆக, பூசணிமங்கலத்தில் எண்ணெய் படாத கண் சொரிமுத்துவின் கண் மட்டும்தான்.

சாயங்காலத்துக்குள் திருடன் தென்பட ஆரம்பித்துவிட்டான்.

முதலில் பார்த்தவர் மாசானம். தலையே இல்லாத ஒருவன், கழுத்துக்கு மேலே பெரிய வைக்கோல் கட்டு முளைத்தவனாக, வாய்க்கால் கரையில் போனானாம். அடுத்து குத்தாலம். அவர் பார்த்தது ஒருவனையல்ல, நான்கு பேரை. வண்ணான் துறையில், தலையில்லாமல், வெள்ளைச் சட்டையோடு வரிசையாக நின்று காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பினது ஒருத்தன்தானே? நாலு பேரு எப்படி?" என்று மாசானம் கேட்டார்.

"அதான் மாறுவேடம்" என்றார் குத்தாலம் பொறுமையாக. "நாலு பேரு மாதிரி வேஷம் போட்டிருக்கான்."

தலைவரின் அனுபவம்தான் பயங்கரமானது. அவர் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறார். குளித்துவிட்டுப் பனியனைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு அந்த மெல்லிய துணி வழியாகக் கண்ணாடியைப் பார்த்தால், தலையில்லாத ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். "ஏலேய்!" என்று கத்திக்கொண்டே பனியனைக் கீழே இழுத்தார். அதற்குள் அவன் ஓடிவிட்டான். கண்ணாடியில் தலைவர் மட்டும்தான் நின்றிருந்தார்.

"என் பனியனையும் தூக்கிட்டுப் போயிருப்பான். நான் போட்டிருந்ததுனால தப்பிச்சுது" என்றார்.

ஒரு வாரத்தில் ஊரில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பார்வை போய்ப் பல காலமான செல்லையாத் தாத்தாகூடப் பார்த்துவிட்டார். அவருக்குத்தான் மிகத் தெளிவாகத் தெரிந்ததாம். மில் வாசலில் ஒரு டின் கட்டித் தொங்கவிட்டு, பார்த்தவர்கள் எல்லாரும் வந்து அதில் துப்பிவிட்டுப் போனார்கள். துப்பை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டுமே.

சொரிமுத்துவும் தன்னால் ஆனதைச் செய்யலாம் என்று ஒரு நாள் வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு போனான். மாசானம் டின்னைக் கையால் மூடினார்.

"நீதான் இன்னும் பாக்கலையே வே?"

சொரிமுத்து வாயைத் திறக்க முடியாமல் தலையை ஆட்டினான்.

"பாக்காதவன் துப்பினா அது பொய்த் துப்பு. கேசே கெட்டுப்போகும். போ, போ."

சொரிமுத்து அத்தனையையும் விழுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். வழியெல்லாம் தொண்டை காந்தியது. மனசு அதைவிடக் காந்தியது.

பிறகு ஊரில் அவனுக்கு மரியாதையே போய்விட்டது. மில் வாசல் பெஞ்சில் பார்த்தவர்கள் மட்டும் உட்கார்ந்தார்கள். குத்தாலம் வீட்டுக் காதுகுத்தில் பார்த்தவர்களுக்கு முதல் பந்தி போட்டார்கள். பார்க்காதவர்களுக்கு என்று தனிப் பந்தி போட்டபோது, நீளமான பாயில் சொரிமுத்து ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தான். பாயசம் அவன் வரை வரவில்லை.

"ஒரு திருடனைப் பாக்கத் துப்பில்லையே உங்களுக்கு" என்று உலகம்மாள் மூக்கைச் சிந்தினாள். "நான் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல வச்சு ரெண்டு தடவை பாத்துட்டேன். ஒத்தச் சொட்டுக் கண்ணை வச்சுக்கிட்டே பாத்துட்டேன். வெளிய தலை காட்ட முடியலை."

"தலை காட்டு உலகு" என்றான் சொரிமுத்து பதறிப்போய். "காட்டாட்டா உன்னையும் திருடின்னு சொல்லிருவாங்க."

மறுநாள் விடிந்ததும் மோட்டார் போடப் போனவன், மோட்டார் ரூம் கதவைத் திறந்ததும் திடுக்கிட்டு நின்றான். உள்ளே சாக்கை விரித்து ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தான். சொரிமுத்து குனிந்து பார்த்தான். தலை இருந்தது. நன்றாக, முழுசாக, முடியோடு இருந்தது. சொரிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அந்த ஆள் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன்தான் அருணாசலம். ஒரு வாரமாகக் காட்டிலும் கரையிலும் பதுங்கி, பச்சை வெண்டைக்காயைத் தின்று, கன்னம் ஒட்டிப்போய் இருந்தான்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி, நீங்க அவன் இல்லை" என்றான் சொரிமுத்து.

"எவன்?"

"அண்டாத் திருடன்."

அருணாசலம் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். "அப்படியா?" என்றான் பிறகு, மெல்ல.

"ஆமா. எனக்குக் கொடுப்பினை இல்லை. சரி, முகமெல்லாம் வாடிப்போயிருக்கு, வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்பிடுவோம்."

அப்படித்தான் அருணாசலம் சொரிமுத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சேர்ந்தான். உலகம்மாளை மதினி என்று கூப்பிட்டான். அவள் வைத்த கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டான். இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் அவன் நினைத்தது. ஆனால் வெளியே போனால் தன்னைப் பற்றித்தான் பேச்சு. கேட்கக் கேட்க அவனுக்கே ஆசையாகிவிட்டது.

"அந்த அருணாசலம் அஞ்சு அண்டாவை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, அதுக்குள்ள தானும் உக்காந்து, உருண்டே பதினெட்டு ஊரைத் தாண்டுவானாம்" என்று மாசானம் சொன்னபோது, "இருக்கும், இருக்கும்" என்று அடக்கமாகத் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை ஊர்கூடி வலை வீசினார்கள். போலீசார் வலைவீசித் தேடும்போது நாம் சும்மா இருக்கலாமா என்று தலைவர்தான் ஆரம்பித்துவைத்தார். குளத்து மீன் குத்தகைக்காரரிடம் பெரிய வலையை வாங்கிவந்து நடுத்தெருவில் நின்றுகொண்டு வீசினார்கள். முதல் வீச்சில் ஒரு வெள்ளாடும் தபால்காரரும் விழுந்தார்கள். இரண்டாவது வீச்சில் வலை வீசிய குத்தாலமே விழுந்தார். மூன்றாவது வீச்சில், வேடிக்கை பார்க்க வந்த அருணாசலம் வசமாக மாட்டிக்கொண்டான்.

அருணாசலத்துக்கு உயிரே போய்விட்டது. எல்லாரும் ஓடிவந்து எண்ணெய்க் கண்ணால் உற்றுப் பார்த்தார்கள்.

"யாரு அது?"

"நம்ம சொரிமுத்து வீட்டு விருந்தாளி! தலை தெரியுது பாருங்க."

"அடடா! மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்று தலைவரே வலையை விலக்கி, சட்டையைத் தட்டிவிட்டு, ஒரு கோலி சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். சோடாவைக் குடித்து முடித்த அருணாசலம் அடுத்த வீச்சிலிருந்து வலையை இழுக்க ஒரு கை கொடுத்தான். திருடன் அன்று அகப்படவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்ற சொரிமுத்து வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றான். உலகம்மாள் தண்ணீர் எடுக்கப் போன சமயம், அருணாசலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏன் அண்ணாச்சி இப்படி இருக்கீங்க?"

"வலையில ஆடு விழுந்துச்சு, தபால்காரர் விழுந்தாரு. ஆட்டுக்கும் தபாலுக்கும் இருக்குத யோகம்கூட எனக்கில்லை. தூரத்துல இருந்து, ஒரே ஒரு தடவை, அவன் முதுகையாவது பாத்துட்டா போதும். அதுக்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை."

சொரிமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எத்தனையோ கல்யாண வீட்டில் சமையற்காரர்களைக் கதற விட்டவன்தான் அருணாசலம். ஆனால் தனக்குச் சோறு போட்டவன் தன்னைப் பார்க்க முடியவில்லை என்று அழுவதை அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று அவன் சொரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் அருணாசலம்."

சொரிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தான்.

"உங்களுக்குத் தங்கமான மனசு. எனக்காக இல்லாத பழியைச் சுமக்கப் பாக்குதீங்க. ஆனா நான் நம்பமாட்டேன். இந்தா தலை தெரியுது. ரெண்டு காதும் தெரியுது. காதுல ரோமம்கூடத் தெரியுது."

"சத்தியமா நான்தான்!"

"வேண்டாம் அண்ணாச்சி. பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க."

அருணாசலம் சுற்றுமுற்றும் பார்த்தான். அடுப்படியில் பெரிய ஈயப் பானை ஒன்று இருந்தது. அதை எடுத்தான். "இப்பப் பாருங்க" என்று சொல்லித் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

சொரிமுத்து இரண்டடி உயரம் துள்ளினான்.

"பாத்துட்டேன்! ஐயோ, பாத்துட்டேன்! உலகு, ஓடி வா, நான் பாத்துட்டேன்!"

"சத்தம் போடாதீங்க" என்றது பானை.

"அண்ணாச்சி! விருந்தாளி அண்ணாச்சி! எங்க போனீங்க? சீக்கிரம் வாங்க! திருடன் நம்ம வீட்டுக்குள்ள நிக்கான்!"

"நான் இங்கதான் இருக்கேன். உள்ள."

சொரிமுத்துவுக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. குரல் விருந்தாளியின் குரல். வருவதோ திருடனுக்குள்ளிருந்து. "அடப்பாவி! எங்க வீட்டு விருந்தாளியை விழுங்கிட்டியே!" என்று அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

அருணாசலம் பானையைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. காதில் மாட்டிக்கொண்டது. கண் தெரியாமல் அவன் சுவரில் முட்டி, கன்றுக்குட்டியை மிதித்து, கதவு எந்தப் பக்கம் என்று தடவிக்கொண்டிருக்கும்போதே ஊர் வந்து வீட்டைச் சூழ்ந்துவிட்டது.

"ஆமா, இவன்தான்" என்றார் தலைவர் பார்த்தவுடனே. "எங்க வீட்டுக் கண்ணாடியில பாத்த அதே ஆளு. சொரிமுத்து, நீயும் பாத்துட்டே வே!"

சொரிமுத்துவால் அந்தப் புகழை அனுபவிக்க முடியவில்லை. "உள்ள எங்க விருந்தாளி இருக்காரு, முதல்ல அவரைக் காப்பாத்துங்க" என்று கெஞ்சினான்.

"எப்பிடி விழுங்கினான்? மென்னானா, முழுசாவா?" என்று மாசானம் கேட்டார்.

"பேசுதாரே. மென்னிருந்தா எப்படிப் பேசுவாரு?"

"அப்ப முழுசாத்தான். தலைகீழாக் கவிழ்த்து ஆட்டினா வந்துருவாரு."

நான்கு பேர் அருணாசலத்தின் காலைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாக ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஏட்டு தளவாய் வந்து சேர்ந்தார். அவர் வேறு விஷயமாக வந்திருந்தார். காலையில் மாசானம் தளும்பத் தளும்ப ஒரு டின்னைக் கொண்டுபோய் ஸ்டேஷன் மேசைமேல் வைத்து, "ஐயா, ஊர்த் துப்பு மொத்தமும் இதுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதைப் பற்றி நான்கு வார்த்தை பேசத்தான் ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். வந்தவர் கண்முன் இந்தக் காட்சி.

"என்னய்யா நடக்குது இங்க?"

விவரம் சொன்னார்கள். ஏட்டு தலையில் அடித்துக்கொண்டு, ஆளைக் கீழே விடச் சொல்லி, பானையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. குத்தாலம் ஓடிப்போய்க் கடையிலிருந்து சைக்கிள் கிரீஸ் கொண்டுவந்து பூசினார். மறுபடி இழுத்தார்கள். பொக்கென்று பானை வந்தது. உள்ளிருந்து கிரீஸ் பூசிய முகம் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"விருந்தாளி பொழைச்சுட்டாரு!" என்று ஊரே கைதட்டியது. சொரிமுத்து பாய்ந்து கட்டிக்கொண்டான்.

"டேய் அருணாசலம்!" என்று கத்தினார் ஏட்டு.

"நான்தான் ஐயா" என்றான் அருணாசலம் சோர்ந்துபோய்.

"ஐயா, அவசரத்துல ஆள் மாத்திப் பேசுதீங்க" என்றார் தலைவர் மரியாதையாக. "இவரு சொரிமுத்து வீட்டு விருந்தாளி. திருடன் இப்ப வரைக்கும் இங்கதான் இருந்தான். நீங்க பானையை இழுத்ததுல தப்பிச்சுட்டான். நாங்க கஷ்டப்பட்டுப் பிடிச்சு வச்சிருந்தோம். நீங்களே விட்டுட்டீங்க."

ஏட்டு பானையை எடுத்து அருணாசலத்தின் தலையில் கவிழ்த்தார்.

"இப்ப இது யாரு?"

"திருடன்!" என்றது ஊர், பயந்து ஓரடி பின்வாங்கி.

பானையை எடுத்தார். "இப்ப?"

"விருந்தாளி."

கவிழ்த்தார். "இப்ப?"

"ஐயோ, திருடன்! ஐயா, பிடியுங்க!"

எத்தனை தடவை கவிழ்த்தாலும் இதே பதில்தான். கடைசியில் ஏட்டு பானையைக் கவிழ்த்தபடியே விட்டுவிட்டு, அருணாசலத்தைத் தள்ளிக்கொண்டுபோய் மோட்டார் ரூம் வாசலில் உட்காரவைத்தார். ஊரும் பின்னாலேயே வந்தது. விலங்கு கொண்டுவரவில்லை. பக்கத்து ஊர்த் தபாலாபீசுக்குப் போய்ப் போன் போட்டு ஜீப்பை வரவழைக்க வேண்டும். மற்றவர்களை எல்லாம் பார்த்துவிட்டு, அவர்களில் சொரிமுத்துவின் கண்தான் கொஞ்சம் சுத்தமாக இருப்பதைக் கண்டு அவனைக் கூப்பிட்டார்.

"நான் வர்ற வரைக்கும் இவன்மேல ஒரு கண்ணு வச்சுக்கோ."

"சரிங்க ஐயா" என்று சொரிமுத்து ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறு கண்ணைப் பானைமேல் வைத்தான்.

ஏட்டின் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும், கிரீஸ் தயவில் அருணாசலம் பானையைச் சுலபமாகக் கழற்றிக் கீழே வைத்தான்.

"வந்துட்டீங்களா அண்ணாச்சி!" என்றான் சொரிமுத்து, பானையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களை மறுபடியும் விழுங்கிட்டானோன்னு பயந்துட்டேன்."

"இனிமே இந்த ஊர்ல இருக்கதுக்குப் பயமா இருக்கு" என்றான் அருணாசலம். அதில் பொய்யே இல்லை. "நான் கிளம்புதேன்."

"நியாயம்தான். உங்களை வழியனுப்பக்கூட முடியலை, மன்னிச்சுக்கோங்க. இவனை விட்டு நான் நகர முடியாது."

உலகம்மாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அருணாசலம் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சொரிமுத்துவின் தோளை ஒரு தடவை பிடித்து அழுத்தினான். அந்தப் பிடியில் அவன் சொல்ல நினைத்தது எல்லாம் இருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஊரே கூட வந்தது. இரண்டு தடவை திருடன் வாயில் போய்த் தப்பித்த மனுஷன் என்று சொல்லிக் கண்டக்டரிடம் அவனுக்கு முன்சீட்டு கேட்டு வாங்கிக் கொடுத்தார் தலைவர். பஸ் மறையும் வரைக்கும் எல்லாரும் கையாட்டினார்கள். அவனும் ஆட்டினான். பிறகு ஊர் மோட்டார் ரூம் வாசலுக்கே திரும்பி வந்தது.

போன் லைன் கிடைக்காமல் ஏட்டு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். சொரிமுத்து ஒற்றைக் கண்ணோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா அவன்?"

"இந்தா இருக்கான் ஐயா. அசையவே இல்லை" என்று பானையைக் காட்டினான்.

ஏட்டு பானையைத் தூக்கிப் பார்த்தார். கீழே தரை இருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கைக்குக் கிடைத்தவனை விட்டுவிட்டோம் என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் உடம்பில் காக்கிச் சட்டை தங்காது. அந்த நேரம் பார்த்துக் குளத்துக்கரையில் புழுதி கிளம்பியது. ரோந்து சுற்றிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் ஜீப்.

ஏட்டு எழுந்து எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். முதல் தடவையாக அவர் குரலில் அதட்டல் இல்லை.

"உங்க எல்லாருக்கும் புண்ணியமாப் போகும். இன்னிக்கு நான் இந்த ஊருக்கு வரவே இல்லை. என்னை ஒருத்தரும் பாக்கலை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா" என்றது ஊர்.

ஏட்டு ஓடிப்போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"ஏட்டு தளவாய் இந்தப் பக்கம் வந்தாரா?"

"வரவே இல்லை சார்" என்றார் தலைவர்.

"அவர் சைக்கிள் நிக்குதே?"

"சைக்கிள் மட்டும்தான் வந்துச்சு சார்" என்றார் குத்தாலம்.

"ஒருத்தரும் அவரைப் பாக்கலையா?"

"ஒருத்தரும் பாக்கலை சார்" என்று சொரிமுத்து முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பொறுப்போடு சொன்னான். "எங்க பேச்சுல சந்தேகம் இருந்தா, மோட்டார் ரூமுக்குப் பின்னால உக்காந்திருக்காரு, அவர்கிட்டயே கேட்டுக்கோங்க."

இன்ஸ்பெக்டர் மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். ஏட்டு தளவாய் விறைப்பாக எழுந்து நின்று, பூட்ஸைத் தட்டி ஒரு சல்யூட் அடித்தார்.

"ஆமா சார்" என்றார். "நான் வரலை சார்."